மூளைக்கட்டி மீண்டும் வருமா? மரபணுக்களின் செயல்பாடு தரும் தடயங்கள்

மூளைக்கட்டியை அறுவை சிகிச்சை மூலம் அகற்றிய பிறகு, அது மீண்டும் வருமா என்பதே நோயாளியின் குடும்பத்தினர் எழுப்பும் முக்கியக் கேள்வி. நீண்ட காலமாக இதற்கான விடை நுண்ணோக்கியில்தான் தேடப்பட்டது. செல்கள் பிரியும் வேகம், அவற்றின் உருவ மாற்றம் ஆகியவற்றைக் கொண்டு கட்டிகள் 1 முதல் 4 வரை தரம் பிரிக்கப்படுகின்றன. தரம் உயர்ந்தால் ஆபத்தும் அதிகம். எனினும், ஒரே தரக் கட்டி கொண்ட இருவரில் ஒருவருக்கு அது விரைவில் திரும்புவதும், மற்றவர் பல ஆண்டுகள் நலமாக இருப்பதும் உண்டு.

இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை மரபணு வெளிப்பாடு விளக்குகிறது. உடலின் செல்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே மரபணுக்கள் இருந்தாலும், எந்த மரபணு எவ்வளவு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பது செல்லுக்குச் செல் மாறுபடும். தீவிரக் கட்டிகளில் செல் பிரிதலைத் தூண்டும் மரபணுக்கள் மிகுதியாக இயங்குகின்றன, கட்டுப்படுத்துபவை ஒடுங்கிவிடுகின்றன.

பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகம், நிம்ஹான்ஸ் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, 4-ஆம் தரக் கட்டியான கிளியோபிளாஸ்டோமாவைப் பற்றியது. 14 மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கொண்டு நோயாளிகளை அதிக ஆபத்து, குறைந்த ஆபத்து என அவர்கள் பிரித்தனர். அதிக ஆபத்துப் பிரிவில் நோய் எதிர்ப்பு தொடர்பான மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. உடலைக் காக்க வேண்டிய அமைப்பு இங்கு எதிர்த்தரப்பில் நிற்பது விந்தைதான். ஆனால் கட்டிக்குள் குவியும் சில எதிர்ப்புச் செல்கள் அதன் வளர்ச்சிக்கே துணைபோகின்றன.

இதே கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு ஒடுங்கியிருந்தால், டெமோசோலோமைடு மருந்து கூடுதல் பலன் தருகிறது. மருந்து ஏற்படுத்தும் டி.என்.ஏ. சேதத்தைக் கட்டியால் சீர்செய்ய முடியாததே காரணம்.

மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமாவில் இதன் பயன் இன்னும் நேரடியானது. 1,856 கட்டிகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, 34 மரபணுக்களின் வெளிப்பாடு கட்டி திரும்பும் வாய்ப்பைத் தரத்தைவிடத் துல்லியமாகக் கணிப்பதாகக் கண்டறிந்தது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவையா என்ற முடிவு சுமார் 30 சதவீத நோயாளிகளுக்கு இதனால் மேம்படக்கூடும். தேவையற்ற கதிர்வீச்சு நினைவாற்றலைப் பாதிக்கலாம். தேவையான கதிர்வீச்சைத் தவறவிட்டால் கட்டி திரும்பலாம்.

உலக சுகாதார அமைப்பின் 2021 வகைப்பாடு சில மரபணுக் குறைபாடுகளைத் தர நிர்ணயத்திலேயே சேர்த்துள்ளது. ஐ.டி.எச். மாற்றம் கொண்ட ஆஸ்ட்ரோசைட்டோமாவில் சி.டி.கே.என்.2ஏ மரபணு முற்றிலும் இழக்கப்பட்டிருந்தால், நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரிந்தாலும் அது 4-ஆம் தரமே. மெழுகில் பதித்துப் பாதுகாக்கப்படும் திசுத் துண்டிலிருந்து இத்தகைய சோதனைகளைப் பின்னரும் செய்ய இயலும்.