மக்காச்சோள வயலில் மாணவர்களின் ரோபோ போட்டி

களை எடுக்கும் பருவத்தில் ஆள் கிடைக்காமல் அவதிப்படுவது நம் விவசாயிகளுக்குப் பழகிப்போன தொல்லை. ஐரோப்பிய நாடுகளிலும் இந்தத் தொல்லை உண்டு. குனிந்து நிமிர்ந்து களை பறிக்க அங்கும் ஆள் அருகி வருகிறது. களைக்கொல்லி மருந்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமும் அங்கு வலுத்து வருகிறது. இந்த வேலைகளைச் செய்யக்கூடிய சிறு இயந்திரங்களை வடிவமைக்க மாணவர்களைப் பழக்குவதற்காக அங்கு ஒரு போட்டி நடத்தப்படுகிறது. போட்டி நடக்கும் இடம் மக்காச்சோள வயல். ஓட்டுபவர் இல்லாமல் தானே ஓடும் சிறு ரோபோக்கள்தான் போட்டியாளர்கள்.

போட்டி தோன்றிய விதம்

நெதர்லாந்து நாட்டின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் வேளாண்மைக் கல்விக்குப் பெயர் பெற்றது. அங்கு 2003-ம் ஆண்டு இந்தப் போட்டி தொடங்கப்பட்டது. 'ஃபீல்டு ரோபோட் ஈவென்ட்' என்பது இதன் பெயர். வயல் ரோபோ போட்டி என்று நாம் சொல்லலாம். பிறகு இது நாடு விட்டு நாடு செல்லத் தொடங்கியது. ஜெர்மனியில் 2006-ல் ஹோஹன்ஹைமிலும், 2008-ல் ஒஸ்னாப்ரூக்கிலும் நடந்தது. 2013-ல் செக் நாட்டின் பிராக் நகரிலும், 2015-ல் ஸ்லொவேனியாவின் மாரிபோர் நகரிலும், 2017-ல் இங்கிலாந்தின் ஹார்ப்பர் ஆடம்ஸ் பல்கலைக்கழகத்திலும் நடந்தது. கொரோனா காரணமாக 2020-ல் போட்டி நடைபெறவில்லை. 2021-ல் கம்ப்யூட்டரிலேயே ஒரு வயலை உருவாக்கி, அதில் ரோபோக்களை ஓடவிட்டுப் போட்டியை நடத்தினார்கள்.

ரோபோ என்றால் என்ன?

ரோபோ என்றதும் மனித உருவத்தில் கையும் காலும் கொண்ட பொம்மையை நினைக்க வேண்டியதில்லை. இந்தப் போட்டிக்கு வருபவை பெரும்பாலும் நான்கு சக்கரச் சிறு வண்டிகள். இவற்றில் மூன்று பகுதிகள் முக்கியமானவை.

முதலாவது, சுற்றுப்புறத்தை அறியும் கருவிகள். இவற்றைச் சென்சார் என்பார்கள். லேசர் ஒளியை வீசி, அது செடியில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தை அளக்கும் கருவி ஒன்று. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தூரத்தை அறியும் கருவி மற்றொன்று. பச்சை நிறத்தைப் பிரித்துப் பார்க்கும் கேமராவும் உண்டு.

இரண்டாவது, சிறு கம்ப்யூட்டர். சென்சார் தரும் அளவுகளைப் பார்த்து, எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது நிற்பது என்று இது முடிவு செய்கிறது. எப்படி முடிவு செய்ய வேண்டும் என்பதை மாணவர்கள் முன்கூட்டியே வரிவரியாக எழுதிக் கொடுக்கிறார்கள். அதுவே புரோகிராம் எனப்படுகிறது. மூன்றாவது, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சக்கரங்களும்.

வயலில் செய்ய வேண்டிய வேலை

போட்டி வயலில் இளம் மக்காச்சோளப் பயிர் 75 செ.மீ. வரிசை இடைவெளியில் நிற்கும். முதல் போட்டியில் ரோபோ 3 நிமிட நேரத்துக்குள் வளைந்து செல்லும் வரிசைகளுக்கு நடுவே ஓட வேண்டும். வயலின் கோடியை அடைந்ததும் தானாகத் திரும்பி அடுத்த இடைவெளியில் நுழைய வேண்டும். எவ்வளவு தூரம் ஓடியது என்பதைப் பொறுத்து மதிப்பெண் கிடைக்கும்.

இரண்டாவது போட்டி இன்னும் கடினமானது. இங்கே வரிசையில் ஆங்காங்கே செடிகள் இல்லாமல் பாடுவாசி விழுந்திருக்கும். ரோபோ எந்த வழியில் செல்ல வேண்டும் என்ற குறிப்பும் கொடுக்கப்படும். இடப்புறம் மூன்றாவது இடைவெளி, பிறகு வலப்புறம் இரண்டாவது இடைவெளி என்பது போல அந்தக் குறிப்பு அமைந்திருக்கும். வரிசைகளைத் தவறாமல் எண்ணிச் செல்ல வேண்டியது ரோபோவின் பொறுப்பு. இவை தவிர, களையைக் கண்டறிவது, கண்ட இடத்தில் மட்டும் மருந்து தெளிப்பது போன்ற வேலைகளும் வைக்கப்படுகின்றன. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறுவது உண்டு.

விவசாயிகள் மெச்சக்கூடிய விதி ஒன்று இதில் இருக்கிறது. ரோபோ பயிரைச் சேதப்படுத்தினால் மதிப்பெண் குறைக்கப்படும். வேகமாக ஓடிச் செடிகளை மிதித்துத் தள்ளும் ரோபோவுக்கு அந்த வேகத்தால் பயன் இல்லை. ஓட்டத்தின் நடுவே மாணவர்கள் கைவைத்துச் சரிசெய்தாலும் மதிப்பெண் போய்விடும்.

இன்னொரு விதியும் குறிப்பிடத்தக்கது. செயற்கைக்கோள் மூலம் இடத்தை அறியும் ஜி.பி.எஸ். கருவியை வழி கண்டுபிடிக்கப் பயன்படுத்தக் கூடாது. மாணவர்கள் தங்கள் விருப்பப்படி செய்து காட்டும் பிரிவுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. எதிரே நிற்கும் பயிரைப் பார்த்தே ரோபோ நடக்கப் பழக வேண்டும் என்பது இதன் நோக்கம்.

வரிசையைப் பிடித்துச் செல்லும் முறை

75 செ.மீ. இடைவெளியில் ரோபோ சரி நடுவில் ஓடினால் இரு பக்கமும் 37.5 செ.மீ. தூரம் இருக்கும். இடப்பக்கம் 30 செ.மீ., வலப்பக்கம் 45 செ.மீ. என்று சென்சார் காட்டினால், ரோபோ இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது என்று பொருள். உடனே வலப்பக்கம் சிறிது திருப்ப வேண்டும். புரோகிராமின் அடிப்படை இவ்வளவுதான்.

எவ்வளவு திருப்புவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதிகமாகத் திருப்பினால் வண்டி எதிர்ப்பக்கச் செடியில் மோதும். அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம் பாயும். புதிதாக ஏர் பிடிப்பவன் சால் கோணும்போது மேழியை மிகுதியாகச் சாய்த்து, கோணலை மேலும் கோணலாக்குவது போன்றது இது. குறைவாகத் திருப்பினாலோ வளைவில் வண்டி பயிருக்குள் போய்விடும். விலகல் சிறிதானால் சிறிதாகவும், பெரிதானால் பெரிதாகவும் திருப்பும்படி எழுதி, ஓடவிட்டுப் பார்த்து, அளவைத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

தரை வேறு, வயல் வேறு

கல்லூரிக் கூடத்தின் வழவழப்பான தரையில் நன்றாக ஓடிய ரோபோ, வயலில் இறங்கியதும் தடுமாறுவது சகஜம். இதற்குப் பல காரணங்கள் உண்டு.

காற்றில் ஆடும் இலை இடைவெளிக்குள் சாய்ந்தால், வரிசையே பக்கத்தில் வந்துவிட்டதாகச் சென்சார் நினைக்கும். ஆகவே ஓர் அளவை மட்டும் நம்பித் திருப்பக் கூடாது. பல அளவுகளை எடுத்து, அவற்றின் வழியாக ஒரு கோடு போட்டுப் பார்த்து, அந்தக் கோட்டையே வரிசையாகக் கொள்ள வேண்டும்.

பாடுவாசி விழுந்த இடத்தில் சென்சாருக்கு எதுவும் தெரியாது. வயலின் கோடி வந்துவிட்டது என்று எண்ணி ரோபோ நடுவயலில் திரும்பிவிடும். இதைத் தடுக்க, குறிப்பிட்ட தூரம் வரை இரு பக்கமும் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் மட்டுமே திரும்ப வேண்டும் என்று எழுதுகிறார்கள். அதுவரை பழைய திசையிலேயே நேராகப் போக வேண்டும்.

ஈர மண்ணில் சக்கரம் வழுக்குவது மற்றொரு சிக்கல். சக்கரம் ஒருமுறை சுழன்றால் 1 மீட்டர் என்று கணக்கு வைத்திருந்தால், 10 சுற்றுக்கு 10 மீட்டர் ஓட வேண்டும். அதில் 2 சுற்று சேற்றில் வீணாகியிருந்தால் உண்மையில் ஓடியது 8 மீட்டர்தான். சக்கரத்தை மட்டும் நம்பிய ரோபோ தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணக்கிடும். வெயிலின் கடுமையும் மேக நிழலும் கேமராவின் பார்வையை மாற்றிவிடும். காலையில் பச்சையாகத் தெரிந்த செடி உச்சி வெயிலில் வெளுத்துத் தெரியும்.

இவற்றை எல்லாம் விவசாயி தன் அனுபவத்தில் அறிவார். மாணவர்கள் இதை அறிந்துகொள்ள வயலுக்கு வந்தே ஆக வேண்டியிருக்கிறது. இந்தப் போட்டியின் பெரிய பயன் இதுவே.

கற்பிக்கும் முறை

மாணவர்கள் குழுவாகவே வேலை செய்கிறார்கள். வண்டியின் சட்டத்தையும் சக்கரங்களையும் ஒருவர் கவனிப்பார். மின் இணைப்புகளை மற்றொருவர் பார்ப்பார். புரோகிராம் எழுதுவது வேறு சிலர் பொறுப்பு. ஒருவர் வேலையில் குறை இருந்தாலும் ரோபோ ஓடாது. ஆகவே ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு நடக்கும் பழக்கம் தானே வந்துவிடுகிறது.

வேலையைப் படிப்படியாக ஏறவிடுவது நல்ல முறை. முதலில் வண்டியை நேராக ஓட்டிக் குறித்த இடத்தில் நிறுத்த வேண்டும். அடுத்து ஒரே ஒரு சென்சாரை வைத்துச் சுவரை ஒட்டி ஓட்ட வேண்டும். பிறகு அட்டையில் வெட்டிய செடிகளையோ தொட்டிச் செடிகளையோ இரு வரிசையாக வைத்து நடுவே ஓட்ட வேண்டும். அதன் பிறகே வயலுக்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, என்ன மாற்றினோம், என்ன நடந்தது என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். புதிய உரத்தையும் புதிய விதையையும் ஒரே பாத்தியில் சோதிக்கக் கூடாது என்பது போன்ற விஷயம் இது.

அவசரத்தில் வண்டியை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை முதல் நாளே பொருத்திவிட வேண்டும். கட்டுக்கு அடங்காமல் ஓடும் வண்டி பயிரையும் கெடுக்கும், ஆளையும் காயப்படுத்தும்.

இரண்டடியும் இரண்டரை அடியும்

இதில் நம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. அங்கு வரிசை இடைவெளி 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குச் சிபாரிசு செய்யும் வரிசை இடைவெளி 60 செ.மீ., அதாவது இரண்டடி. 45 செ.மீ. அகலமுள்ள வண்டி அங்கே ஓடினால் இரு பக்கமும் 15 செ.மீ. இடம் மிஞ்சும். அதே வண்டி நம் வயலில் ஓடினால் பக்கத்துக்கு 7.5 செ.மீ. மட்டுமே மிஞ்சும். இலை உரசும், வேர் அறுபடும். பார் அமைத்து நடும் வயலில் சக்கரம் ஏறுவதும் கடினம்.

ஆகவே பிற நாட்டு வயலைப் பார்த்துச் செய்த இயந்திரம் நம் வயலுக்கு அப்படியே பொருந்திவிடாது. நம் வரிசையையும், நம் மண்ணையும், நம் பாத்தியையும் அறிந்தவர்கள் செய்தால்தான் பொருந்தும். அத்தகையோர் விவசாயிகளின் வீடுகளிலிருந்தே வர வேண்டும்.

நம் நாட்டில் உள்ள வாய்ப்புகள்

மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் 'இ-யந்த்ரா' திட்டத்தின் கீழ் 2012 முதல் கல்லூரி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்தப்பட்டு வருகிறது. நாற்று நடுதல், அறுவடை, மகரந்தச் சேர்க்கை போன்ற விவசாய வேலைகளைச் சில ஆண்டுகளில் போட்டிக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கு ரோபோ ஓடுவது அச்சிட்ட விரிப்பின் மீதுதான். கற்றுக்கொள்ளத் தொடங்க இது போதும். வயலுக்கு வருவது அடுத்த படி.

பள்ளி மாணவர்களுக்காக மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-ல் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வு செய்யப்பட்ட பள்ளிகளுக்கு ஆய்வுக்கூடம் அமைக்கவும் நடத்தவும் 20 லட்ச ரூபாய் வரை உதவி அளிக்கும் திட்டம் இது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் இங்கே சென்சார், மோட்டார், சிறு கம்ப்யூட்டர் பலகை ஆகியவற்றைக் கொண்டு வேலை பழகலாம். அரசுப் பள்ளிகள் பலவற்றிலும் இந்தக் கூடம் உண்டு. தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விவசாயிகள் கவனத்துக்கு

இந்த ரோபோக்கள் மாணவர்கள் கற்பதற்காகச் செய்தவை. கடையில் வாங்கி நாளைக்கே களை எடுக்க விடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் இவற்றால் கிடைக்கும் அறிவு வீண்போகாது. சிறிய, எடை குறைந்த இயந்திரம் மண்ணை டிராக்டர் போல் அழுத்தி இறுக்காது. களை உள்ள இடத்தில் மட்டும் மருந்து தெளிக்கத் தெரிந்தால் மருந்துச் செலவும் குறையும்.

இப்போதே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவது, பயிரை நேர் வரிசையில் நடுவது. நெல்லில் கோனோவீடர் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். வரிசை தப்பினால் கருவி ஓடாது. நாளை வரும் எந்த இயந்திரத்துக்கும் இதுவே அடிப்படை. இரண்டாவது, ரோபோ செய்யப் பழகும் மாணவர்கள் கேட்டு வந்தால் வயலில் நான்கு வரிசையை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுப்பது. ஒரு சில செடிகள் சாயலாம். ஆனால் ஈரம் எப்படி இருந்தால் சக்கரம் புதையும், எந்தப் பருவத்தில் இலை வழியை மறைக்கும், களைக்கும் பயிருக்கும் இளம் பருவத்தில் என்ன வேறுபாடு என்பவற்றை அருகில் நின்று எடுத்துச் சொல்ல விவசாயியைவிடத் தகுந்த ஆசிரியர் அவர்களுக்குக் கிடைக்க மாட்டார்.