தந்தச் சிமிழும் பழங்கதையும்

யானைத் தந்தத்தின் அடிப்பகுதி இயல்பாகவே உட்குடைவானது. அவ்விடத்திலே குறுக்காக ஒரு துண்டை அறுத்தெடுத்தால், வட்டமான சுவர் தானே அமைந்துவிடும். அதற்கு அடித்தட்டும் மூடியும் பொருத்தி, வெளிப்புறத்திலே உருவங்களைச் செதுக்கினால் அழகிய சிமிழ் ஒன்று உருவாகும். கிரேக்கர் இதனைப் 'பிக்சிஸ்' என்றனர். நகையும் நறுமணப் பொருளும் வைத்துக்கொள்ளச் செல்வர் இல்லங்களில் இது பயன்பட்டது.

கி.பி. 313இல் உரோமப் பேரரசில் கிறிஸ்தவர்கள் வழிபாட்டுச் சுதந்திரம் பெற்றனர். 391, 392ஆம் ஆண்டுகளில் தியோடோசியஸ் மன்னன் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடைசெய்தான். ஆயினும், அதன் பின்னரும் தந்தச் சிற்பிகள் அத்தெய்வங்களின் கதைகளைச் செதுக்கியே வந்தனர். அமெரிக்காவின் வால்ற்றேர்ஸ் நூதனசாலையிலுள்ள ஆறாம் நூற்றாண்டுச் சிமிழிலே, மூன்று தேவியருள் பேரழகி யாரெனப் பரிஸ் தீர்ப்புச் சொல்லும் கதை உண்டு. நியூயோர்க் மெற்றோபொலிட்டன் நூதனசாலையிலுள்ள மற்றொன்றில், மதுவின் தெய்வமாகிய தயோனிசஸ் இந்தியாவை வென்ற காட்சி உண்டு. இதே காலத்துச் சிமிழ்கள் வேறு சிலவற்றிலோ இயேசுவின் அற்புதங்கள் இடம்பெறுகின்றன.

அப்படியாயின், பழங்கதைச் சிமிழை வைத்திருந்தோர் எல்லாரும் பழைய சமயத்தவர்தாமா? அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிப் பேழையொன்று 1793இல் உரோமிலே கண்டெடுக்கப்பட்டது. அதன் மூடியிலே காதல் தெய்வம் வீனஸ் வீற்றிருக்கிறாள். பொறிக்கப்பட்ட வாசகமோ, செக்குந்துஸ், புரொஜெக்டா என்னும் இருவரையும் கிறிஸ்துவில் வாழுமாறு வாழ்த்துகிறது!

இப்புதிருக்கு விடை அக்காலப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. எச்சமயப் பிள்ளையாயினும் ஹோமரைப் படித்தே கல்வி பெற்றது. 362இல் ஜூலியன் மன்னன், அத்தெய்வங்களை நம்பாத கிறிஸ்தவ ஆசிரியர்கள் அந்நூல்களைக் கற்பிக்கலாகாது என்று ஆணையிட்டான். அவர்கள் தேவாலயத்திற்குச் சென்று மத்தேயுவையும் லூக்காவையும் விளக்கட்டும் என்றான். கிறிஸ்தவ அறிஞர்கள் இதனால் மகிழவில்லை, கொதித்தெழுந்தனர். நசியான்சஸ் கிரகரியார், கிரேக்க மொழியும் இலக்கியமும் ஒரு சமயத்தாரின் தனியுடைமையல்ல என்று வாதிட்டார். பசிலியாரோ, தேனீ மலர்களில் வேண்டியதை மட்டும் கொள்வதுபோலப் பழைய நூல்களைப் பயிலுமாறு இளைஞருக்கு அறிவுரை எழுதினார்.

ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்திலே வாழ்ந்த நொன்னசு என்னும் புலவரை இங்கே நினைக்கவேண்டும். தயோனிசஸின் இந்தியப் படையெடுப்பை 48 காண்டங்களில் பாடியவர் அவர். யோவானின் நற்செய்தியை அதே யாப்பிலே கவிதையாக்கியவரும் அவரே என்பது அறிஞர் கொள்கை. ஒரே பட்டறையில் இருவகைச் சிமிழும் உருவாகியிருக்கலாம் என்பதை நம்ப இதனைவிடப் பொருத்தமான உவமை வேண்டியதில்லை.

இத்தாலியின் பொபியோ மடாலயத்திலும் தந்தச் சிமிழ் ஒன்று பேணப்பட்டு வந்தது. ஓர்பியஸ் யாழ் மீட்ட, விலங்குகள் மெய்மறந்து கேட்கும் காட்சி அதிலே செதுக்கப்பட்டுள்ளது. கிறிஸ்தவத் துறவியரே காத்துத் தந்த கிரேக்கப் பழங்கதை அது. பலிபீடங்களிலே நெருப்பு அவிந்த பின்பும் அக்கதைகள் அவியவில்லை. வழிபாட்டை இழந்தவை இலக்கியமாய் நிலைத்தன. அவற்றை நிலைக்கச் செய்தோருள் புதிய சமயத்தின் ஆசிரியரும் துறவியரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.