மறைந்தவை மடல்களா, வழிகளா?

எழுதியவர் மறைந்த பின்னரும் அவர்தம் குரலைத் தாங்கி நிற்பது மடல். ஓலையில் எழுதிய காலத்தில் கறையானுக்கு அஞ்சினோம். தாளில் எழுதிய காலத்தில் ஈரத்திற்கு அஞ்சினோம். மின்னஞ்சல் காலத்தில் அஞ்ச வேண்டியது யாது என்பதை எம் துறையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்திற்று.

பணி ஓய்வுபெற்ற பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் வட்டங்களில் ஊர் ஊராகச் சென்று நடுகற்கள் நிற்கும் இடங்களையும், ஊர்ப்பெயர்க் கதைகளையும், நடவுப் பாடல்களையும் குறித்து, 2005 முதல் 2013 வரை எமக்கு மின்னஞ்சலாக விடுத்து வந்தார். அவர் இன்று நம்மிடையே இல்லை. அம்மடல்களை ஆண்டுவாரியாகப் பிரித்து, துறைக் கணிப்பொறியில் உள்ள தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் மென்பொருளின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் வைத்திருந்தோம். கணிப்பொறியைப் பழுதுபார்க்க வந்தவர் மென்பொருளைப் புதிதாக நிறுவிச் சென்றார். மறுநாள் திறந்து பார்த்தால் அப்பகுதியில் குப்பைக்கூடையும் அனுப்புபெட்டியும் மட்டுமே இருந்தன. ஒன்பதாண்டு உழைப்பைக் காணோம்!

வேறெங்கேனும் படி இருக்குமன்றோ என வினவலாம். இல்லை. அக்காலத்தில் பெரிதும் வழங்கிய பாப்-3 முறை, வழங்கியில் உள்ள மடலை நம் கணிப்பொறிக்கு இறக்கியபின், வைத்திருக்குமாறு நாம் சொல்லாவிடில் அங்கே அதனை அழித்துவிடும். பின்னர்ப் பரவிய ஐமேப் முறையில் மடல் வழங்கியிலேயே தங்கும். எனினும் எம்முறையில் வந்த மடலாயினும், லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகர்த்தப்பட்டுவிட்டால் அதற்கு அந்த ஒரு கணிப்பொறியே வீடு.

இனி அவ்வீட்டின் அமைப்பைக் காண்போம். திரையில் ஒரு கோப்புறையாகத் தெரிவது வன்தட்டில் இரண்டு கோப்புகளாகும். ஒன்று, பின்னொட்டு ஏதுமற்ற கோப்பு. யூனிக்ஸ் உலகிலிருந்து வந்த ‘எம்பாக்ஸ்’ அமைப்பில், மடல்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக இதனுள் தொடுக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, அதே பெயருடன் எம்.எஸ்.எஃப். என்னும் பின்னொட்டுப் பெற்ற சிறு கோப்பு. இது நூலகத்தின் நூற்பட்டி அட்டை போன்றது. அட்டை கிழிந்தால் நூல் அழிவதில்லை. அச்சிறு கோப்பை நீக்கினாலும் மென்பொருள் அதனைத் தானே மீண்டும் ஆக்கிக்கொள்ளும். ஒரு கோப்புறை மட்டும் வெறுமையாகத் தோன்றினால், அதன் பண்புகள் பக்கத்தில் உள்ள ‘சீரமை’ என்னும் கட்டளை செய்வதும் இதுவே.

எமக்கு நேர்ந்ததோ அட்டை கிழிந்த கதையன்று. நூலகத்தையே மாற்றிக் காட்டிய கதை. மடல்களும் அமைப்புகளும் ‘புரொஃபைல்’ என்னும் ஒரு தொகுதியில் அடங்கும். 2019இல் வந்த 68ஆம் பதிப்பு முதல், மென்பொருள் வேறோர் இடத்தில் நிறுவப்பட்டால் தனக்கெனப் புதிய தொகுதியைத் தோற்றுவித்துக்கொள்ளக்கூடும். 32 பிட் வகையிலிருந்து 64 பிட் வகைக்கு மாறும்போது பலருக்கு மடல்கள் ‘மறைந்தது’ இதனாலேயே. பழைய தொகுதி அழிவதில்லை. அதற்குச் செல்லும் வழி மட்டுமே மறைகிறது.

இந்நிலையில் முதற்கண் செய்யத்தக்கது, ஒன்றும் செய்யாதிருத்தல். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் நிறுவுவதும் தேவையற்றதெனக் கருதி அழிப்பதுமே உண்மையான இழப்பை உண்டாக்குகின்றன. விண்டோஸில் பயனர் பெயருக்குக் கீழ் ஆப்டேட்டா, அதனுள் ரோமிங், அதனுள் தண்டர்பேர்டு, அதனுள் புரொஃபைல்ஸ் எனச் செல்லவேண்டும். ஆப்டேட்டா இயல்பாகக் கண்ணுக்குத் தெரியாது. மறைந்த உருப்படிகளைக் காட்டுமாறு பணித்தல் வேண்டும். அங்கே எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு உருக்களில் தொடங்கும் பெயருடன் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகள் இருக்கலாம். எம் கணிப்பொறியில் இரண்டு இருந்தன. பழையதனுள் ‘மெயில்’, அதனுள் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’. ஆசிரியர் பெயரிட்ட கோப்புகள் அங்கே வரிசையாக நின்றன! முழுத் தொகுதியையும் முதலில் வேறொரு வட்டில் படியெடுத்தோம். பின்னர் மென்பொருளை மூடிவிட்டு, பின்னொட்டற்ற கோப்புகளைப் புதிய தொகுதியின் அதே இடத்தில் ஒட்டித் திறந்தோம். கோப்புறைகள் திரும்பின. அதே பெயரில் ஒன்று முன்னரே இருப்பின் பெயரை மாற்றி ஒட்டுக. இன்றேல் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும்.

விண்டோஸே புதுப்பதிப்புக்கு மாற்றப்பட்டிருப்பின் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்னும் கோப்புறையிலும் தேடவேண்டும். விண்டோஸ் 10இல் அது ஏறத்தாழ 10 நாளில் தானே நீங்கிவிடும் என்பதால் காலம் தாழ்த்தலாகாது. நச்சுநிரல் தடுப்பான், ஒரு மடலில் நஞ்சு கண்டு முழுக் கோப்பையே சிறைவைத்த நிகழ்ச்சிகளும் உண்டு. அதன் காப்பறையையும் பார்த்தல் நன்று.

அழித்த மடல் உடனே மறைவதில்லை என்பதும் மாணவர் அறியத்தக்கது. மடலின் தலைப்பகுதியில் உள்ள ‘எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்’ என்னும் வரியில் ஒரு குறி மட்டுமே மாறுகிறது. படித்துப் பின் அழித்த மடலில் அது 0009 என இருக்கும். படியெடுத்த கோப்பில் அதனை 0001 என்று திருத்தி, எம்.எஸ்.எஃப். கோப்பை நீக்கித் திறந்தால் மடல் மீளும். ஆனால் ‘சுருக்குக’ என்னும் கட்டளை இடப்பட்டுவிட்டால் அம்மடல்கள் கோப்பிலிருந்தே நீக்கப்பட்டுவிடும்.

மீண்டவற்றைப் படிப்பதில் தமிழர்க்கே உரிய இடர் ஒன்று காத்திருந்தது. முற்பகுதி மடல்கள் டிஸ்கி குறியீட்டில் அமைந்தவை; இன்றைய திரையில் அவை புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தன. எம் மாணவர் ஒருவர் கோப்பு கெட்டுவிட்டதென எண்ணி அழிக்கவே முற்பட்டார். நல்லவேளையாகத் தடுத்தோம். என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகொண்டு ஒருங்குறிக்கு மாற்றியவுடன், பென்னாகரத்துச் சாலையோரக் கல் ஒன்றைப் பற்றிய குறிப்பு எழுத்துப் பிழையின்றி வெளிப்பட்டது. ஒருங்குறியில் எழுதிய பிற்கால மடல்களும், உரைத்தொகுப்பியில் நேராகத் திறந்தால், அஞ்சல்வழிப் பயணத்திற்காக உருமாறிய ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றக்கூடும். மென்பொருளுக்குள் திறந்தால் அவை தமிழாகிவிடும்.

எட்டு ஆண்டுகளின் மடல்களை இவ்வாறு மீட்டு, இரு வட்டுகளில் படியெடுத்து, தாளிலும் அச்சிட்டுத் துறை நூலகத்தில் வைத்துள்ளோம். 2009ஆம் ஆண்டுக் கோப்பு மட்டும் 0 பைட் எனக் காட்டுகிறது. அவ்வாண்டு ஆசிரியர் சென்ற ஊர்களுக்கு மூன்றாமாண்டு மாணவர்கள் இப்பருவத்தில் மீண்டும் சென்று வருகின்றனர்.