சூடு பட்டால் ரப்பர் சுருங்கும், தோள் இளகும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "முப்பது வருசம் பால் மரம் வெட்டின அம்மாவுக்கு வலது தோள் இறுகிப் போச்சு. பிசியோவில் சிவப்பு விளக்குப் போட்டுக் கையை நீட்டச் சொல்றாங்க. பாசார் மாலாமில் அதே மாதிரி விளக்கு விக்கிறாங்க, 'நரம்பையே உருக்கும்'னு. வாங்கலாமா ஐயா?"

நரம்பு உருகினால் அம்மாவின் கதி என்ன என்று அந்த வியாபாரியைத்தான் கேட்க வேண்டும். உருகுவது கிடக்கட்டும், இளகுவது என்ன?

ஒரு ரப்பர் பேண்டை ஆணியில் மாட்டி, அடியில் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுங்கள். இரும்புக் கம்பியாக இருந்தால் நீளும். ரப்பர் சுருங்கும், பூட்டு மேலே ஏறும். ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும் ஆட்களைப் போல. பூட்டுதான் கங்காணி, வரிசையை இழுத்து நிறுத்துகிறார். சூடு ஏறினால் ஆளுக்கு ஆள் நெளிகிறார்கள், முதுகைச் சொறிகிறார்கள், பக்கத்து ஆளோடு வம்பளக்கிறார்கள். வரிசை கோணலாகி இரு முனையும் உள்ளே வருகிறது. கங்காணியும் கூடவே இழுபடுகிறார்.

ரப்பர் இப்படிச் சுருங்குவதை 1805இல் ஜான் கஃப் சொன்னார், 1859இல் ஜூல் அளந்தார். கோலகங்சாரில் ரப்பர் நட்டதே அதற்குப் பிறகு, 1877இல்தான். வரலாறு போதும்.

தோளின் மூட்டுறையில் இருப்பது வேறு சரக்கு. கொலாஜன், மூன்று புரியாக முறுக்கிய கயிறு. 40 முதல் 45 டிகிரிச் சூட்டில் மெதுவாக இழுத்தால் கயிற்றுக் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நீளும். ஆறும்வரை இழுத்தே வைத்திருந்தால் நீண்டதில் கொஞ்சம் நிலைக்கும். 1970இல் லேமன் குழு எலிவால் தசைநாணில் பார்த்தது இதைத்தான்: சூடும் இழுப்பும் சேர்ந்தால்தான் நல்ல பலன். 60 டிகிரியைத் தாண்டினால் முறுக்கே அவிழ்ந்து, கொலாஜன் சுருங்கி, கிட்டத்தட்ட ரப்பராகிவிடும்! ஆட்டுக்கால் சூப்பில் 'நரம்பு' என்று கடித்து இழுக்கிறோமே, அது.

ஆனால் எலிவால் மெல்லியது. அம்மாவின் மூட்டுறை சென்டிமீட்டர் கணக்கில் ஆழத்தில் இருக்கிறது. விளக்கின் அகச்சிவப்புக் கதிரோ சில மில்லிமீட்டரிலேயே அடங்கிவிடும். 'ஆழமாக ஊடுருவும்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். விளக்கு செய்வது வலியைத் தணித்து, கையை நீட்டத் துணிவு தருவது. அதுவே பெரிய உதவிதான்.

ஆபத்து, கையை நீட்டும்போதே வருகிறது. அரை மீட்டர் தள்ளி விளக்கை வைத்து உட்காருகிறோம். கையைத் தூக்கத் தூக்க அது விளக்கை நெருங்குகிறது. தூரம் பாதியானால் சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு. தோல் 60 டிகிரியை எட்டினால் சில விநாடியில் வெந்துவிடும். 50ஐ ஒட்டினால் சில நிமிடம். ஆகவே கை போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் விளக்கு இருக்கட்டும், தலைக்கு மேல் வேண்டவே வேண்டாம். வளையலைக் கழற்றுங்கள், தைலம் தடவாதீர்கள், விளக்கைப் பார்க்காதீர்கள். கால் மணி நேரம் போதும்.

இன்னொன்று. தோள் இறுகுவது இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அந்த நோய். அது முற்றினால் தோல் மரத்துப்போகலாம். சுடுகிறது என்று சொல்ல வேண்டிய தோலே வாய் திறக்காது.

ஆகவே விளக்கு வாங்கும் முன் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு கரண்டியை ஐஸ் தண்ணீரிலும் இன்னொன்றை வெதுவெதுப்பான நீரிலும் நனைத்துத் தோளிலும் கையிலும் மாற்றி மாற்றி வையுங்கள். எது எது என்று ஒருமுறை தடுமாறினாலும் விளக்கு வாங்காதீர்கள். பிசியோவிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில், நீங்கள் கையை விட்டுப் பார்த்த இளஞ்சூட்டு நீரில் அம்மா குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு சுவரில் விரல்களை ஏற்றிக் கையை நீட்டட்டும்.