காற்று வழியே வரும் கட்டளை

வட்டுக்கோட்டையில் வசிக்கும் எமது பெரியம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்திற் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் கனடாவில். காலையில் திருநீறு பூசியதும் அவர் முதலிற் கையில் எடுப்பது கைத்தொலைபேசியைத்தான். அச்சிறு கருவி ஒருநாள் வாய் திறவாவிடின் அன்று அவ்வீட்டில் அடுப்பு மூளாது என்று சொன்னால் அது மிகையாகாது. ஓய்வூதியம் வந்து சேர்ந்தமையை வங்கி அறிவிப்பதும் அதன் மூலமே.

2024ஆம் ஆண்டு ஆடிமாதத்தில் ஒரு மாலைப்பொழுது. நாம் கல்லூரியிலிருந்து திரும்பிச் சைக்கிளைச் சுவரிற் சார்த்துமுன்னரே பெரியம்மாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, ஆரோ கொம்பனிப் பொடியன் கதைச்சவன். கொம்பனியள் ஒண்டாச் சேருதாம், என்ரை போனுக்குப் புதுசா ஏதோ அனுப்பியிருக்கிறானாம். நாலு இலக்கம் அடிக்கச் சொல்லுறான். அடிக்கட்டோ?"

"அடிக்க வேண்டாம் பெரியம்மா. நான் வாறன்" என்றோம்.

போய்ப் பார்த்தபோது திரையில் ஓர் அறிவிப்புக் கிடந்தது. புதிய அமைவுகள் வந்துள்ளன, அவற்றை நிறுவுவதற்கு இரகசிய இலக்கத்தைப் பதிக்கவும் என்பது அதன் சாரம். அனுப்பியவர் யார் என்பதற்கு அதில் எவ்வித அடையாளமும் இல்லை. மறுநாள் தொலைபேசி நிறுவனத்தின் கந்தோரில் விசாரித்தோம். அப்படியொன்றை நாங்கள் அனுப்பவில்லை என்று கூறிவிட்டார்கள். அந்தப் பொடியன் யாரென்பது இன்றுவரை தெரியவில்லை. ஆனால், முன்பின் அறியாத ஒருவன் எங்கோ இருந்துகொண்டு வட்டுக்கோட்டையிலுள்ள ஒரு மூதாட்டியின் கைப்பொருளினுள்ளே கையிட்டு அதன் திருகாணிகளைத் திருப்ப முயன்றானே, அஃது எவ்வாறு இயலும் என்ற கேள்வி எம்மை விடவில்லை. அதன் வரலாற்றை ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

இம்முறை திருடருக்காகத் தோன்றியதன்று. நம்மைப் போன்றோரின் தொல்லையைத் தீர்க்கவே தோன்றியது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கைத்தொலைபேசியிலே இணையத்தைப் பார்க்க வேண்டுமாயின், எந்த வாயிலால் வெளியே செல்வது, இடையில் எந்தக் கணினியைக் கடப்பது, படத்தகவலை எங்கே ஒப்படைப்பது என்பன போன்ற பத்துப் பன்னிரண்டு விவரங்களை அதனுட் பதிய வேண்டியிருந்தது. இவற்றுள் முதலாவது வாயிற்பெயர், அதனை ஏ.பி.என். என்பர். ஒரு புள்ளி பிழைத்தாலும் கதவு திறவாது. ஒன்பது பொத்தான்களை மும்மூன்று முறை அமுக்கி ஆங்கில எழுத்துக்களைக் கோத்த அந்தப் பாட்டை அநுபவித்தவர் அறிவர்.

எமது குடாநாட்டில் இத்தொல்லைக்கு வேறொரு முகமும் இருந்தது. 1990ஆம் ஆண்டு போர் மூண்டபின் இங்கே மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரே கைத்தொலைபேசி நம் மக்கள் கைக்கு வந்தது. 1989இலேயே தென்னாசியாவின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவை கொழும்பில் தொடங்கிவிட்டதென்பதை நினைத்தால் நாம் எவ்வளவு பின்தங்கினோம் என்பது விளங்கும். பின்னர் 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடுண்டது. கப்பலும் விமானமுமே வழி என்றாயிற்று. கருவியில் ஓர் அமைவு பிழைத்தால் அதனைக் கொழும்புக்கு எடுத்துச் சென்று திருத்துவது நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம். தொலைபேசி இணைப்பே இடையிடையே அறுந்த நாட்கள் அவை. இணைப்பு இருந்த வேளையில், குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு ஒரு சொல்லை அனுப்பியதும் அமைவுகள் யாவும் தாமாகவே வந்து சேர்ந்து "சேமிக்கவா?" என்று வினவியபோது, எமக்கு அது மந்திரமாகவே தோன்றியது.

மந்திரம் ஒன்றுமில்லை. அதனைச் சுமந்து வந்தது நாம் நாள்தோறும் அனுப்பும் குறுந்தகவலேதான். ஒரு குறுந்தகவலிற் 140 எண்மங்களுக்கு மேல் அடங்கா. ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்துக்கள் வரையிற் கொள்ளும். தமிழில் எழுதினால் 70 குறிகளே. (அந்த எழுபதுக்குள்ளே கொம்பும் காலும் விசிறியும் தனித்தனியே எண்ணப்படும் என்பதைத் தமிழாசிரியர் என்ற முறையில் வருத்தத்தோடு குறிப்பிடுகின்றோம்.) அமைவுகளைச் சுமந்து வரும் தகவலில் மனிதர் படிக்கும் எழுத்துக்கள் இரா. சுருக்கெழுத்தாளர் நீண்ட பேச்சைச் சில கோடுகளில் அடக்குவதுபோல, விவரங்கள் எல்லாம் குறியீடுகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒன்றில் அடங்காவிட்டால் இரண்டு மூன்று தகவல்களாகப் பிரிந்து வந்து கருவியினுள்ளே ஒன்றாகும். தகவலின் தலைப்பில் ஒரு வாயில் இலக்கம் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விலக்கத்தைக் கண்டதும் கருவி, இது எசமானுக்கு வந்த கடிதமன்று, எனக்கு வந்த கட்டளை என்று அறிந்துகொள்ளும். அக்காலத்து நொக்கியாக் கருவிகளில் இளைஞர் காசு கொடுத்து அழைப்பிசையையும் திரைச்சித்திரத்தையும் வரவழைத்ததும் இதே உபாயத்தாற்றான்.

தொடக்கத்தில் நொக்கியாவும் எரிக்சனும் சேர்ந்து இதற்கு ஒரு முறையை வகுத்தன. 2002 ஜூனில் தொழிற்றுறையினர் பலர் கூடித் திறந்த நகர்பேசிக் கூட்டமைப்பு என்ற பொருள்படும் அமைப்பை நிறுவிய பின்னர் அஃது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதியாயிற்று.

இனி, கட்டளையிட வந்தவன் உரியவன்தானா என்பதைக் கருவி எப்படி அறியும்? இரண்டு வழிகளை விதித்தார்கள். சிம் அட்டை ஒவ்வொன்றிலும் பதினைந்து இலக்கங்கொண்ட சந்தாதாரர் அடையாளம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இலங்கைக்கு உரியது 413. இந்தியாவுக்கு 404, 405. அடுத்து வருவது நிறுவனத்தைச் சுட்டும். இந்தப் பதினைந்து இலக்கத்தை அறிந்தவரே அனுப்ப முடியும் என்பது முதலாவது வழி. இரண்டாவது, அனுப்புகின்றவர் ஓர் இரகசிய இலக்கத்தை நிர்ணயித்து அதனை வேறு வழியால் எமக்குச் சொல்வது. பெரியம்மாவிடம் பொடியன் சொன்ன நாலிலக்கம் இதுவே. திருடனே பூட்டைச் செய்து திறப்பையும் தானே நீட்டினால் அந்தப் பூட்டினால் என்ன பயன்?

இந்தப் பலவீனத்தை செக் பொயின்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார்கள். சாம்சுங், ஹுவாவே, எல்ஜி, சோனி ஆகிய நிறுவனங்களின் கருவிகள் இவ்வகைக் கட்டளைக்கு இணங்கக்கூடியன என்று அவர்கள் காட்டினர். சில சாம்சுங் கருவிகளில் இரகசிய இலக்கம் ஒன்றேனும் கேட்கப்படவில்லையாம். உடைமையாளர் "சரி" என்று அமுக்கினாற் போதும். அமுக்கியவுடன் அவர் இணையத்துக்கு அனுப்புவனவும் பெறுவனவும் திருடனுடைய கணினி வழியாகத் திருப்பப்படலாம். நம்மூர்த் தபாற்காரர் கடிதங்களை எல்லாம் முதலில் ஒரு திண்ணையிற் கொட்டி, அங்கிருப்பவன் பிரித்துப் பார்த்த பின்னர் எமக்கு விநியோகித்தால் எப்படியோ அப்படி. சாம்சுங் அதே ஆண்டு மே மாதத்திலும் எல்ஜி ஜூலையிலும் திருத்தம் வெளியிட்டன. ஐபோன் இந்த முறையையே கையாள்வதில்லை. ஆனால் திருத்தம் வெளிவந்தது ஒன்று, பெரியம்மாவின் மேசைமேல் இருக்கும் பழைய கருவிக்கு அது வந்து சேர்ந்ததா என்பது வேறொன்று. பிள்ளைகள் புதியது வாங்கும்போது பழையது ஊருக்கு அனுப்பப்படும் வழக்கத்தை நாம் அறியாதவர்களா?

கருவியைத் தொடாமல் நேரே சிம் அட்டைக்கே செல்லும் கட்டளைகளும் உண்டு. அவற்றைப் பற்றி எமக்கு எவ்வித அறிவிப்பும் வராது. அட்டை தானே வாங்கித் தானே செய்து முடிக்கும். அவை திறப்பிலக்கத்தாற் பூட்டப்பட்டவை எனினும், 2013இல் கார்ஸ்டன் நோல் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர், பழைய அட்டைகள் பலவற்றின் பூட்டு 1970களில் வகுக்கப்பட்ட சங்கேத முறையிலானது, அதனைச் சில நிமிடங்களில் உடைக்கலாம் என்று காட்டினார். பழைய அட்டையை மாற்றிப் புதியது பெறுவது நல்லதென்று நாம் பெரியம்மாவுக்குச் சொன்னதற்கு இதுவே காரணம்.

பொடியன் சொன்ன கதையில் ஒரு துளி உண்மை கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது; 2018இலே எட்டிசலாட் ஹட்சுடன் சேர்ந்தது. பத்திரிகையிற் பெரிய எழுத்தில் வந்த செய்தி. வஞ்சகர் எப்போதும் ஊரறிந்த செய்தியைத்தான் தம் கையிற் பிடித்துக்கொண்டு படலையைத் தட்டுவர்.

இந்த விசாரணை எல்லாம் முடிந்தபின் பெரியம்மாவுக்கு விளக்க முயன்றோம். அவர் கேட்ட கேள்வி வேறு. "அப்ப, இந்தப் போனிலை நேரத்தை ஆர் வைக்கிறது?" என்றார். நல்ல கேள்வி. அதுவும் காற்று வழியே வருவதுதான். வலையமைப்பு தனது நேரத்தையும், கிரீன்விச் நேரத்திலிருந்து எத்தனை கால்மணி விலகியுள்ளது என்பதையும் கருவிக்கு அறிவிக்கக்கூடியது. இலங்கை ஐந்தரை மணி முந்தியது. ஆகவே இருபத்திரண்டு கால்மணி.

அவர் கேட்டதன் காரணம் எமக்குப் புரிந்தது. 1996இல் நாம் மாணவராயிருந்தோம். இடம்பெயர்ந்து தென்மராட்சியிலிருந்து திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வறட்சியால் மின்சாரம் குறைந்தது, அதனை மிச்சப்படுத்த வேண்டும் என்று அரசாங்கம் மே 25ஆந் திகதி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. மின்சாரமே இல்லாத ஊரில் மின்சாரத்தை மிச்சப்படுத்த நேரத்தை மாற்றினோம்! ஒக்டோபர் 26ஆந் திகதி அரைமணி பின்வாங்கியது. புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னியோ பழைய நேரத்தை விடவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம். எவரையாவது ஓரிடத்தில் சந்திப்பதென்றால், "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்டுத்தான் புறப்படுவோம். கடைசியில் 2006 ஏப்ரல் 15ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், நாடு மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அன்று எமது கைத்தொலைபேசியை நாமே கையாற் திருத்தினோம். இன்று அத்தகைய மாற்றம் வருமாயின் கருவிகள் எம்மைக் கேளாமலே நள்ளிரவில் மாறியிருக்கும்.

பெரியம்மா வீட்டுச் சுவர்க்கடிகாரம் இந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறையேனும் மாற்றப்படவில்லை. பெரியப்பா சாவி கொடுப்பார், முள்ளைத் தொடமாட்டார். "அரசாங்கம் திரும்பி வரும், நான் ஏன் போகவேணும்" என்பாராம். 2006இல் அரசாங்கம் திரும்பி வந்தது. அதனைக் காணப் பெரியப்பா இல்லை.

பழைய கருவியை மாற்றிவிட்டோம். சிம் அட்டையும் புதியது. வங்கித் தகவல்கள் ஒழுங்காக வருகின்றன. புதிய கருவியிலே ஒன்றுமட்டும் பெரியம்மாவின் விருப்பப்படி செய்யப்பட்டிருக்கின்றது. நேரத்தைத் தானாக மாற்றும் அமைவை நிறுத்தி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து வைத்துக் கொடுத்தோம். அதனால் அவருடைய கைத்தொலைபேசி உலகத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தி ஓடுகின்றது. கனடாவிலுள்ள பிள்ளைகள் அதற்கேற்பவே அழைக்கின்றார்கள்.