மழைக்குக் கணக்கு எழுதும் ஊர்

வரவுக்கு மேல் செலவு செய்தால் குடும்பம் நிலைக்காது என்பது நம் விவசாயிகள் அனைவருக்கும் தெரியும். ஆனால் கிணற்றுத் தண்ணீருக்கு மட்டும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மோட்டாரைப் போடுகிறோம், வருகிற வரை இறைக்கிறோம், வராவிட்டால் கடன் வாங்கி 'போர்' போடுகிறோம். பக்கத்துக் காட்டுக்காரர் இன்னும் ஆழமாகப் போடுகிறார். கடைசியில் போர் போட வசதியில்லாத சிறு விவசாயியின் கிணறுதான் முதலில் வற்றுகிறது. இந்தக் கணக்கை ஊரே கூடி உட்கார்ந்து போட்டுப் பிழைத்துக் கொண்ட கிராமம் ஒன்று மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்து கொள்வது நல்லது.

ஹிவரே பஜார் என்பது அந்த ஊரின் பெயர். அகமத்நகர் மாவட்டத்தைச் சேர்ந்தது (2024 முதல் அம்மாவட்டத்தின் பெயர் அகில்யாநகர்). மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்து விடுவதால் ஆண்டுக்குச் சராசரி 400 மி.மீ. அளவுக்குத்தான் மழை. நம் இராமநாதபுரத்து மழைகூட இதை விட அதிகம். ஊரின் பரப்பு ஏறத்தாழ 970 ஹெக்டேர். அடியில் கெட்டியான கரும்பாறை. சுற்றிலும் குன்றுகள். 1972-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நொடித்துப் போன ஊர் அதன் பின் எழவே இல்லை. குன்றுகளில் இருந்த மரங்களை விறகுக்கு வெட்டியாயிற்று. பெய்த மழை மண்ணையும் அடித்துக் கொண்டு ஓடியது. பிழைப்புத் தேடிக் குடும்பம் குடும்பமாக வெளியூர் போனார்கள். இருந்தவர்களில் பலர் சாராயம் காய்ச்சினார்கள்.

1989-இல் போபட்ராவ் பவார் என்ற படித்த இளைஞரை ஊராட்சித் தலைவராக்கினார்கள். பின்னர் 2020-இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கிராம சபையைக் கூட்டி ஊருக்கு என்ன தேவை என்று கேட்டு, அதைத் திட்டமாக எழுத வைத்தார். சாராயக் கடைகள் மூடப்பட்டன. மரம் வெட்டக் கூடாது, ஆடு மாடுகளைக் குன்றில் அவிழ்த்து விடக் கூடாது, வீட்டுக்கு ஒருவர் ஊர் வேலைக்கு உடலுழைப்புத் தர வேண்டும் என்று தீர்மானமாயிற்று. கிணறுகளுக்கு ஊற்றுத் தரும் சுமார் 70 ஹெக்டேர் காட்டு நிலத்தை வனத்துறையுடன் சேர்ந்து மீட்டார்கள். 1994-இல் மாநில அரசின் மாதிரி கிராமத் திட்டத்தில் ஊர் சேர்ந்தது. அரசின் வேலை உறுதித் திட்டப் பணத்தைக் கொண்டு குன்றுச் சரிவில் சம உயர வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓடைகளில் தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, வயல்களில் மண் வரப்பு என்று மேலிருந்து கீழாக வேலை நடந்தது. ஓடையை விட்டுவிட்டுக் குன்றில் தொடங்கியதைக் கவனிக்க வேண்டும். மேலே மண் நிற்காவிட்டால் கீழே கட்டும் அணை இரண்டே மழையில் தூர்ந்து விடும்.

இதுவரை சொன்னது பல ஊர்களில் நடந்ததுதான். தடுப்பணை கட்டிய ஊர்கள் நாட்டில் ஏராளம். கிணற்றில் ஊறிய தண்ணீரை அடுத்த ஆண்டே கரும்புக்குப் பாய்ச்சித் தீர்த்துவிட்டு மறுபடி லாரித் தண்ணீருக்கு நின்ற ஊர்களும் உண்டு. ஹிவரே பஜார் தப்பியது அதற்குப் பிறகு செய்த காரியத்தால்.

பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு போடுவதில்லை என்று கிராம சபை முடிவு செய்தது. கரும்பும் வாழையும் கூடாது. ஊரில் மழைமானி வைத்து அளக்கிறார்கள். சில கிணறுகளைக் குறித்து வைத்து நீர்மட்டம் பார்க்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் கிராம சபையில் கணக்கு வாசிக்கப்படும். குடிநீர், கால்நடை, வீட்டுத் தேவை ஆகியவற்றை முதலில் ஒதுக்குவார்கள். மிச்சம் எவ்வளவோ அதற்கு ஏற்பத்தான் பயிர். மழை குறைந்த ஆண்டில் இரண்டாம் போகத்தின் பரப்பைக் குறைத்துக் கொள்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் பெய்தால் 10,000 லிட்டர். ஏக்கருக்கு 4,000 லிட்டர். ஓர் ஏக்கர் கரும்புக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. தண்ணீர் வேண்டும், அதாவது 80 லட்சம் லிட்டர். உளுந்து, பயறு வகைக்கு 300 மி.மீ. போதும்; ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர். ஒருவர் ஓர் ஏக்கர் கரும்பு வைத்தால் ஆறு ஏக்கர் பயறுக்கு ஆகும் தண்ணீர் போகிறது. அந்த ஆறு ஏக்கர் வேறு ஆறு பேருடையதாக இருக்கலாம்.

என் நிலத்தில் நான் போர் போடுவதை ஊர் எப்படித் தடுக்கலாம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயம்தான். பாதிக்கப்படுகிறவர் வசதியுள்ளவரே என்பதால் எதிர்ப்பும் பலமாக இருக்கும். நிலமில்லாதவர்களுக்கு ஆதாயம் காட்டாத திட்டமும் நிற்காது. ஹிவரே பஜாரில் காத்த குன்றில் புல் செழித்தது. அதை அறுத்துக் கொண்டு போய் மாட்டுக்குப் போடலாம். 1990-களின் நடுவில் நாளுக்கு 150 லிட்டராக இருந்த பால் 2010-இல் 4,000 லிட்டர் அளவுக்கு வந்தது. 1995-இல் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன, 2010-இல் மூன்று. வெளியூர் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள சிறிய ஊர், நல்ல தலைவர், சுற்றிலும் தனக்கே உரிய குன்று என்று அவ்வூருக்குச் சில வாய்ப்புகள் இருந்தன. எனவே அப்படியே எடுத்து நம் ஊரில் ஒட்டிவிட முடியாது. அங்கே தென்மேற்குப் பருவமழை. நம் மாவட்டங்கள் பலவற்றிலும் வடகிழக்குப் பருவமழைதான் கிணற்றை நிரப்புகிறது. ஆகவே நாம் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் மார்கழிக்குப் பின், கோடைப் பயிர் வைப்பதற்கு முன். ஜனவரி 26 கிராம சபைக் கூட்டம் இதற்குச் சரியாக வந்து அமைகிறது. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எந்த வேலையைச் சேர்ப்பது என்பதும் கிராம சபையில் பேச வேண்டிய விஷயமே. பெரும்பாலும் சாலையும் விளக்கும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

கணக்குக்கு வேண்டிய சாமான் அதிகமில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள தகர டின் ஒன்றை மரநிழல் படாத வெட்டவெளியில் ஆடாமல் நிறுத்தவும். வாய் அகன்ற வாளி உதவாது. மழை பெய்த மறுநாள் காலை 8.30 மணிக்கு ஸ்கேல் வைத்து நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக் கொண்டு கொட்டிவிட வேண்டும். கிணற்றுக்கு, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும் நுனியில் ஒரு கல்லும் போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மோட்டார் போடுவதற்கு முன் அதிகாலையில், எப்போதும் கிணற்று மேட்டின் ஒரே இடத்திலிருந்து அளக்கவும். தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று என்று ஐந்தாறு கிணறுகளை எடுத்துக் கொண்டால் ஊரின் நிலைமை தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னால் ஒழுங்காக எழுதுவார்கள். இந்த ஐப்பசியில் தொடங்கினால், தை மாதக் கூட்டத்தில் வாசிக்க மூன்று மாதக் கணக்குக் கையில் இருக்கும்.