சந்தையும் பேருந்தும் வந்து குடியேறியோரும்

நகரத்தார் கொடுக்கும் காசு சுற்றுப்புறத்து உழவரிடமும் நெசவாளரிடமும் சென்று சேரவேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அது சேராமற் போவது மனமின்மையால் அன்று. இடமும் வண்டியும் இல்லாமையால்தான். மேலூர்ப் பக்கத்தில் விளைந்த கத்தரிக்காய் மதுரை வீட்டு அடுப்பை அடையுமுன் பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இதற்குப் பரிகாரம் கண்டவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டவர்களே. சண்டிகரில் 1987இல் 'அப்னி மண்டி' என்னும் உழவர் கடைவீதி தோன்றிற்று. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், மதுரை அண்ணா நகரில், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார்.

இந்தச் சந்தையின் அமைப்பு கவனிக்கத்தக்கது. நிலமும் பயிரும் உடையவர் என்று அதிகாரிகள் உறுதி செய்தவருக்கே அடையாள அட்டை. அட்டை உள்ளவருக்கே கடை. கடைக்கு வாடகை இல்லை. தராசையும் சந்தையே தரும். அன்றன்றைய விலை, மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படும். உழவருக்கும் வாங்குவோருக்கும் ஒருங்கே ஆதாயம். இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது, காய்கறிக் கூடைகளைக் கட்டணமின்றி அரசுப் பேருந்துகளில் கொண்டுவர அளிக்கப்பட்ட வசதி. சுமை ஏறும் வண்டி விடியற்காலையில் கிராமத்துக்கு வராவிட்டால், கட்டடமும் பலகையும் இருந்து என்ன பயன்? 2001க்குப் பின் சில ஆண்டுகள் இத்திட்டம் கவனிப்பாரின்றிக் கிடந்ததும், 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றதும் யாவரும் அறிந்ததே. நல்ல ஏற்பாடும் ஆட்சியின் விருப்பத்தையே நம்பி நின்றால் இப்படித்தான் ஆகும். ஆகவேதான் இத்தகையவற்றில் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்கு வேண்டும் என்கிறோம்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம். கூடை சுமந்து சந்தைக்கு வரும் பெண்களுக்கும், தறி வேலைக்குப் பாவும் நூலும் வாங்கப் போகும் பெண்களுக்கும் அன்றாடச் செலவில் இது மிச்சம்.

நெசவாளர் நிலை வேறு. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் விற்பனைக்கு வழி செய்கிறது. 1983 முதல் பொங்கலுக்கான வேட்டி சேலைத் திட்டமும் தறிகளுக்கு வேலை தருகிறது. எனினும் நெய்தவரே வாங்குவோரை நேரில் கண்டு, அறிவிக்கப்பட்ட விலையில் விற்கும் இடம் உழவர் சந்தையைப்போல் அவர்களுக்கும் வேண்டும் என்பதே நம் கருத்து.

மதுரையின் பெயர்பெற்ற சுங்குடிச் சேலையே வந்து குடியேறியவர்களின் கைவண்ணம். வடக்கிலிருந்து பல தலைமுறைகளாகப் பெயர்ந்து வந்த சௌராஷ்டிர நெசவாளர் நாயக்கர் காலத்தில் இங்கு நிலைபெற்று, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் வாழ்ந்தார்கள். அவர்கள் தொழில் நகரின் தொழிலாயிற்று. இன்று கட்டட வேலைக்கும் உணவு விடுதி வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோரை நாம் எவ்வாறு ஏற்கிறோம்? 2020 அக்டோபர் முதல், 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டின்படி, தம் ஊர் அட்டையைக் காட்டி இங்குள்ள கடையிலேயே தமக்குரிய அரிசியையும் கோதுமையையும் அவர்கள் பெறலாம். தமிழ்நாட்டின் நியாய விலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே. ஆகவே, வேலையிடங்களை அடுத்த கடைகளில் போதிய சரக்கு இருக்கிறதா, மொழி தெரியாதவர் வெறுங்கையோடு திரும்புகிறாரா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைச் சார்ந்தது.